மேடும் பள்ளமும் ஊருக்குச் சொந்தம்

கோல்ஃப் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் நினைவுக்கு வருவது பந்தும் அன்று, மட்டையும் அன்று; மதிற்சுவர்தான். தில்லியிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ பஸ்ஸில் போகும்போது நீண்ட சுவர் ஒன்று கூடவே வருகிறது. சுவருக்கு மேலே மரங்களின் தலை தெரிகிறது. வாயிலில் காவற்காரர் நிற்கிறார். “உள்ளே என்ன?” என்று குழந்தை கேட்டால், “பெரிய மனிதர்கள் பந்து விளையாடும் இடம்” என்று சொல்லிவிட்டு நம் நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறோம்.

ஆகவே இம்மாதம் இப்பகுதியில் ஒரு கோல்ஃப் மைதானத்தைப் பற்றி எழுதுவதைக் கண்டு, “நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?” என்று அன்பர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. அந்த ஆட்டத்தின் தாய்வீடு என்று உலகம் போற்றும் மைதானத்தைச் சுற்றி மதிற்சுவர் கிடையாது. அது ஊர்ப் பொது நிலம். அதன் குறுக்கே தெருப்பாதை போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரார் அங்கே குழந்தைகளுடன் உலாவுகிறார்கள். ஒருமுறை அந்த நிலம் ஊரார் கையைவிட்டுப் போயிற்று. பெரும்பாடு பட்டுத்தான் அதை மீட்டார்கள். நாம் குடியிருக்கும் நகரங்களில் பொது நிலம் நாளுக்கு நாள் சுருங்கி வருகிற இக்காலத்தில், அந்தக் கதை நமக்கும் உரியதே.

ஸ்காட்லாந்தின் கீழைக் கடற்கரையில், ஃபைஃப் என்னும் பகுதியில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. இடிந்து நிற்கும் பெருங்கோயில் ஒன்றும், அறுநூறு ஆண்டுகளைக் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றும் அவ்வூரின் பழமைக்குச் சான்றுகள். ஊர் வீதி முடிகிற இடத்திலேயே மைதானம் தொடங்கிவிடுகிறது. ‘ஓல்டு கோர்ஸ்’, அதாவது பழைய மைதானம், என்பது அதன் பெயர். கடைசிக் குழிக்கும் ஊர்க் கடைகளுக்கும் நடுவே ஒரு தெருவின் அகலந்தான் இடைவெளி. கடைக்கு வந்தவர் கூடையைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அந்த நிலம் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கடல் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகப் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற மணல் அது. காற்று அதை மேடும் பள்ளமுமாக அடித்துக் குவித்தது. மேலே குட்டைப் புல் படர்ந்தது. கடலுக்கும் கழனிக்கும் இடைப்பட்ட இத்தகைய நிலத்தை அந்நாட்டார் ‘லிங்க்ஸ்’ என்பர். உழவுக்கு உதவாது, மேய்ச்சலுக்கு உதவும். திருச்செந்தூருக்கு அப்பால் உள்ள தேரிக்காட்டைப் பார்த்த அன்பர்கள் அதை ஒருவாறு மனத்தில் கற்பித்துக் கொள்ளலாம். செம்மணலுக்குப் பதிலாக வெளிறிய மணலையும், பனைக்கும் உடைமரத்துக்கும் பதிலாகப் புல்லையும் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதரையும் வைத்துக்கொள்ள வேண்டும். காற்று மட்டும் ஈரிடத்திலும் ஓயாதது.

இம்மைதானத்தை ஆதியில் வகுத்தமைத்த சிற்பி என்று ஒருவரைச் சுட்ட இயலாது. பிற்காலத்தில் சிலர் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் அடிப்படை வேலையை இயற்கையும் ஆடுமாடுகளும் செய்தன. ஆடுகள் குளிர்காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த இடங்கள் தேய்ந்து பள்ளமாயின. இன்று ஆட்டக்காரர்கள் அஞ்சி நடுங்கும் மணற்பள்ளங்களுள் பல அவ்வாறு பிறந்தவை என்று சொல்வார்கள். அத்தகைய மணற்பள்ளங்கள் 112 உள்ளன. பலவற்றுக்குத் தனித்தனிப் பெயரும் உண்டு. ஒன்று ‘நரகம்’. மற்றொன்று ‘கல்லூரித் தலைவரின் மூக்கு’. வேறு சில ‘சவப்பெட்டிகள்’. பெயர் வைத்தவர்கள் அவற்றில் விழுந்து எழுந்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆட்டத்தின் அடிப்படை விதி மிக எளிது. பந்தை மட்டையால் அடித்து அடித்துக் குழிக்குள் சேர்க்க வேண்டும். குறைந்த அடிகளில் சேர்த்தவர் வென்றவர். பந்து எங்கே எப்படிக் கிடக்கிறதோ அங்கே அப்படியே அடிக்க வேண்டும். வசதியாக நகர்த்தி வைத்துக்கொள்ளலாகாது. நிலம் சமதளமாக இருந்தால் இந்த விதி ஒரு பொருட்டன்று. மேடு பள்ளமான நிலத்தில் இதுவே ஆட்டத்தின் உயிர்.

ஒரு முழு ஆட்டத்துக்கு 18 குழிகள் என்ற கணக்கும் இவ்வூரில்தான் பிறந்தது. முன்னே போகும்போதும் திரும்பி வரும்போதும் பெரும்பாலும் அதே குழிகளில் ஆடி, மொத்தம் 22 என்று கணக்கிட்டு வந்தார்கள். 1764-ல் தொடக்கத்தில் இருந்த நான்கு குழிகளை இரண்டாகச் சேர்த்தபோது கணக்கு 18 ஆயிற்று. பிறகு உலகமெங்கும் அதுவே வழக்காகிவிட்டது. பஞ்சாங்கத்தில் கணித்த எண் அன்று. ஒரு குறுகிய மணல்வெளியின் இடவசதி தந்த எண்.

இனி அந்த மைதானத்தில் ஆடும் ஒருவரோடு நாமும் சற்று நடந்து பார்ப்போம். முதற்குழிக்கான புல்வெளியே அவரை ஏமாற்றிவிடும். அது பரந்து விரிந்து, மணற்பள்ளம் ஒன்றுமின்றிக் கிடக்கும். முதற்குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் அதுவே பொது. அதன் குறுக்கே ‘பாட்டி கிளார்க் சந்து’ என்னும் பாதை ஒன்று கடற்கரைக்குப் போகிறது. அது பொதுவழி. பாதையில் யாரேனும் நடந்து போனால், எத்தனை பெரிய ஆட்டக்காரராயினும் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதையும் தாண்டினால், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புற்பரப்புக்கு முன்னால் ஸ்வில்கன் என்னும் சிற்றோடை மறிக்கிறது. முற்காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி வெளுத்த ஓடை அது.

அதற்கப்பால் நிலம் தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்குகிறது. அலை எழும்பி உறைந்துபோனாற் போன்ற தரை. கண்ணுக்கு எட்டியவரை பச்சைப் புல்லாகத் தெரியும். பந்தை நேராக அடித்துவிட்டு மகிழ்ச்சியுடன் நடந்து போனால், ஆள் உயரப் பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும். இதற்கு ஒரு காரணம் உண்டு. முற்காலத்தில் இம்மைதானத்தை எதிர்த்திசையில் சுற்றி ஆடினார்கள். ஆகையால் அத்திசையிலிருந்து வருவோர் கண்ணுக்குத் தெரியும் பள்ளங்கள் சில, இன்றைய திசையில் வருவோர் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தால் அவை வாய் பிளந்து நிற்கும்.

மற்றொரு விசேஷமும் உண்டு. பிற மைதானங்களில் ஒவ்வொரு குழிக்கும் தனித்தனிப் புற்பரப்பு இருக்கும். இங்கே ஏழு பரப்புகள் இரட்டைப் பரப்புகள். போகிறவர்களுக்கு ஒரு குழி, வருகிறவர்களுக்கு ஒரு குழி. போகும் குழிக்கு வெள்ளைக்கொடி, வரும் குழிக்குச் செங்கொடி. இரண்டாம் குழியோடு பதினாறாம் குழி, மூன்றாவதோடு பதினைந்தாவது என்று சேர்ந்திருக்கும். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். வீட்டில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் எஞ்சிய ஜோடிகளைச் சொல்லச் சொல்லலாம். ஆட்டக்காரர் பெருகியபோது புது நிலம் தேடாமல் உள்ள நிலத்தையே பகிர்ந்துகொண்டதன் அடையாளம் இது. எதிரே வருபவருக்கு வழிவிட்டுத்தான் இங்கே ஆட முடியும்.

மைதானம் மேய்ப்பன் கைக்கோலைப் போல நீண்டு சென்று, ஈடன் ஆற்றின் கழிமுகத்தருகே வளைந்து திரும்புகிறது. அங்கே காற்றுத்தான் அரசன். பதினொன்றாம் குழி அளவில் சிறியது. ஆனால் அமெரிக்க நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921-ல், தம் பத்தொன்பதாம் வயதில், அந்தக் குழியில் மணற்பள்ளத்தில் அகப்பட்டுத் திணறி, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியையே கைவிட்டார். மைதானத்தை அவர் அன்று வெறுத்தார். 1927-ல் திரும்பி வந்து அதே மைதானத்தில் ‘ஓப்பன்’ போட்டியை வென்றார். 1930-ல் அங்கேயே அமெச்சூர் போட்டியையும் வென்றார். இடைக்காலத்தில் மணல் மாறிவிடவில்லை. அதைப் படிக்க அவர் கற்றுக்கொண்டார். 1958-ல் அவ்வூரார் அவரைத் தங்கள் நகரத்தின் கௌரவக் குடிமகனாக்கினார்கள். அமெரிக்கருள் அவருக்கு முன் அந்தச் சிறப்பைப் பெற்றவர் 1759-ல் பெஞ்சமின் பிராங்க்ளின்.

திரும்பும் வழியில் பதினான்காம் குழி வருகிறது. இதற்குரிய நிலத்தில் நல்ல சமதளம் ஒன்று உண்டு. அதன் பெயர் ‘எலீசிய வெளி’, அதாவது சொர்க்கவெளி. அதையடுத்து, அகன்று ஆழ்ந்து கிடப்பது முன்சொன்ன ‘நரகம்’. சொர்க்கமும் நரகமும் ஒரே குழிக்குப் போகும் வழியில் அமைந்திருக்கின்றன. அம்மைதானத்திலேயே இருமுறை, 1970-லும் 1978-லும், ஓப்பன் பட்டம் வென்ற ஜாக் நிக்லஸ் என்ற மாபெரும் ஆட்டக்காரர், 1995-ல் அந்த நரகத்தில் விழுந்து வெளியேற முடியாமல் அக்குழிக்கு 10 அடிகள் எடுத்துக்கொண்டார்.

பதினேழாம் குழிக்குச் ‘சாலைக்குழி’ என்று பெயர். புற்பரப்பு ஒடுக்கமானது. முன்னே குடம்போன்ற ஆழமான மணற்பள்ளம், பின்னே சாலை, சாலைக்கு அப்பால் கற்சுவர். பந்து சாலையில் விழுந்தால் சாலையிலிருந்தே அடிக்க வேண்டும். 1978-ல் ஜப்பானிய வீரர் நகாஜிமா, பந்தைப் புற்பரப்பில் ஏற்றிய பிறகு மெல்ல உருட்டியபோது, அது சரிந்து அப்பள்ளத்தில் விழுந்தது. அந்தக் குழியை முடிக்க அவருக்கு 9 அடிகள் ஆயின. இதற்கு மாறாக 2000-ஆம் ஆண்டில் டைகர் உட்ஸ் நான்கு நாளும் ஆடி, 112 பள்ளங்களில் ஒன்றில்கூட விழாமல் வென்றார். அந்நான்கு நாளும் அவர் வலிமையைக் காட்டிலும் வழிதேர்ந்த அறிவையே மக்கள் வியந்தார்கள்.

கடைசியாக ஸ்வில்கன் ஓடையின்மேல் ஒரு சிறு கற்பாலம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் மேய்ப்பர்கள் ஆடுமாடுகளை ஓட்டிச் செல்வதற்காகக் கட்டியது என்பர். உலக வீரர்கள் தங்கள் இறுதி ஆட்டத்தில் நின்று கையசைத்து விடைபெறுவது அந்த மாட்டுப்பாலத்தின் மீதுதான். அதைக் கடந்தால் ஊர், கடைகள், வேடிக்கை பார்க்கும் ஜனங்கள்.

இவ்வளவும் படித்த அன்பர்களுக்கு ஒன்று தோன்றும். பணம் படைத்த ஒருவர் கையில் இந்நிலம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? குறுக்குப் பாதையை அடைத்திருப்பார். மறைவான பள்ளங்களை மூடியிருப்பார். சாலையை அப்புறம் தள்ளியிருப்பார். இரட்டைப் பரப்புகளைப் பிரித்திருப்பார். ஊரார் அனைவருக்கும் உரிமை இருந்தமையால் எவரும் தம் விருப்பப்படி அதைத் திருத்த முடியவில்லை. மைதானத்தின் விசித்திரமான உருவம் அந்தப் பொது உரிமையின் விளைவு.

அந்த உரிமை எழுத்தில் இருந்தது. 1552-ல் அவ்வூர்த் தலைமைப் பேராயர் ஜான் ஹாமில்டன் ஓர் ஆவணம் செய்துகொண்டார். லிங்க்ஸ் நிலத்தில் முயல் வளர்க்க அவருக்கு ஊரார் அனுமதி அளித்தனர். அங்கே கோல்ஃப் ஆடவும், கால்பந்தாடவும், அம்பெய்யவும், ஆடுமாடு மேய்க்கவும் ஊராருக்குள்ள உரிமையை அவர் ஒப்புக்கொண்டார். நம் ஊர்க் கல்வெட்டுகளில் ஏரி நீருக்கும் மேய்ச்சலுக்கும் எழுதி வைத்தார்களே, அதைப் போன்றது என்று கொள்ளலாம்.

எழுத்து இருந்தும் ஆபத்து வந்தது. 1797-ல் நகரசபை கடனில் மூழ்கியிருந்தது. கையில் இருந்த சொத்துகளுள் ஒன்றாக அது லிங்க்ஸ் நிலத்தையும் பிறருக்கு விட்டுவிட்டது. சில ஆண்டுகளில் நிலம் டெம்ப்ஸ்டர் என்னும் வணிகக் குடும்பத்தின் வசமாயிற்று. அவர்கள் வியாபாரத்துக்காக முயல்களைப் பெருக்கினார்கள். முயல்கள் மைதானத்தைச் சல்லடையாகத் துளைத்தன. பந்து போகும் இடமெல்லாம் வளை. ஊரார் பொறுக்காமல் முயல்களைக் கொல்லத் தொடங்கினர். கைகலப்பும் உண்டாயிற்று. வழக்கு எடின்பரோ நகரத்து உயர்நீதிமன்றம் சென்றது. முயல்களைக் கொல்ல ஊராருக்கு உரிமை உண்டென்று 1805-ல் தீர்ப்பாயிற்று. எதிர்வழக்கு லண்டன் பிரபுக்கள் சபைவரை போயிற்று. வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டுவதும், ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் அவ்வூராருக்குப் பழகிப்போயின.

முடிவில் 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அந்நிலத்தை விலைக்கு வாங்கினார். அவர் கோல்ஃப் ஆடுபவர். முயல் வியாபாரம் நின்றது. எனினும் ஒரு நல்ல மனிதரின் தயவில் இருக்கும் உரிமை அவர் பிள்ளை காலத்தில் என்னவாகும் என்பதை எவரும் சொல்ல முடியாது. 1894-ல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் நகரசபையே நிலத்தைத் திரும்பப் பெற்றது. 1974-ல் மற்றொரு சட்டம் செய்து, லிங்க்ஸ் நிர்வாகத்தை ஒரு தர்மகர்த்தா சபையிடம் ஒப்படைத்தார்கள். ‘ராயல் அண்டு ஏன்ஷியன்ட்’ என்னும் புகழ்பெற்ற சங்கத்தின் மாளிகை முதற்குழிக்குப் பின்னாலேயே நிற்கிறது. 1754-ல் தோன்றிய அச்சங்கம் நெடுங்காலம் ஆட்ட விதிகளையே வகுத்தது. ஆயினும் மைதானம் அச்சங்கத்தின் உடைமை அன்று.

1797 என்ற ஆண்டுக்கு நம் தமிழ்நாட்டோடும் ஒரு தொடர்பு உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1753-ல் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், சென்னையில் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை ஆசிரமப் பள்ளிக்கு 1789-ல் மேற்பார்வையாளரானார். நம் பிள்ளைகள் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகுவதை அவர் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். ஊர் திரும்பியபின் 1797-ல் அதைப் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்று அது மேனாடுகளில் பரவியது. தம் செல்வத்தின் ஒரு பகுதியைக் கொண்டு பிறந்த ஊரில் அவர் நிறுவச் செய்த பள்ளி 1833-ல் திறக்கப்பட்டது. ‘மதராஸ் காலேஜ்’ என்பது அதன் பெயர். 2021-ல் பள்ளி புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. பெயர் அப்படியே இருக்கிறது. நகரசபை தன் மணலை விலை பேசிய அதே ஆண்டில், அவ்வூர்ப் பிள்ளை ஒருவர் நம் ஊர் மணலிலிருந்து கற்ற பாடத்தை உலகுக்குச் சொன்னார்.

பொது நிலமாயினும் எல்லாரும் ஆடப் பந்து வேண்டுமே! 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தோலுறைக்குள் பறவை இறகைத் திணித்துத் தைத்த பந்துகளே இருந்தன. தேர்ந்த தொழிலாளியாலும் நாளொன்றுக்குச் சிலவே செய்ய முடியும். ஆகையால் விலை அதிகம். பிறகு மலேயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் ‘கட்டாபெர்ச்சா’ என்னும் பொருளால் பந்து செய்தார்கள். கீழ்நாட்டிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு வந்த ஒரு விஷ்ணு விக்கிரகம் உடையாதிருக்க அப்பொருளைப் பெட்டியில் அடைத்திருந்தார்கள் என்றும், அதை உருட்டியே முதற்பந்து செய்தார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும் பந்தின் விலை இறங்கியது மெய். எளியவர் ஆட வந்தனர். மைதானத்தில் நெரிசல் மிகுந்து, ஒரே பரப்பில் இரு குழிகள் வைக்கும் ஏற்பாடும் அக்காலத்தில்தான் நிலைபெற்றது.

இன்றைய நடைமுறை என்ன? பழைய மைதானத்தில் ஆட விரும்புகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுத்தால், சீட்டுக் குலுக்கி நேரம் ஒதுக்குகிறார்கள். எந்த நாட்டாரும் பெயர் கொடுக்கலாம். ஓரளவு ஆடத் தெரியும் என்பதற்குச் சான்று மட்டும் காட்ட வேண்டும். கட்டணம் வெளியூராருக்குச் சிறிதன்று. கோடையில் முந்நூறு பவுனுக்கு மேல். ஊராருக்கு ஆண்டு முழுவதற்கும் சலுகைச் சீட்டு உண்டு. 1946 வரை ஊரார் கட்டணமின்றியே ஆடினர். இன்றைய கட்டணத்தைப் பார்க்கையில், ‘பொது’ என்ற சொல்லின் பொருள் சற்றுத் தேய்ந்திருக்கிறது என்று குறை சொல்வோர்மேல் குற்றமில்லை. ஆனால் அதே தர்மகர்த்தா சபையின்கீழ் இப்போது ஏழு மைதானங்கள் உள்ளன. அவற்றுள் 9 குழிகள் கொண்ட சிறு மைதானம் குழந்தைகளுக்கும் புதிதாகக் கற்போருக்கும் உரியது. அதன் பெயர் ‘பால்கோவ்’. திருவில்லிபுத்தூரை நினைத்து நாவில் நீர் ஊறும் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

ஞாயிற்றுக்கிழமை பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை. பெரும் போட்டி நடக்கும் சில நாட்கள் மட்டும் விலக்கு. நெசவாளி ஒருவரின் மகனாகப் பிறந்து, அம்மைதானத்தின் காவலராக நெடுங்காலம் பணியாற்றிய டாம் மாரிஸ் (1821–1908), ஆட்டக்காரருக்கு ஓய்வு வேண்டாவிடினும் நிலத்துக்கு வேண்டும் என்ற கருத்துடையவர். அன்று மைதானம் நடப்பவர்களுடையது. தாத்தாமார் கைத்தடியுடன் வருகிறார்கள். நாய்கள் ஓடுகின்றன. உலக வீரர்கள் உருட்டிவிடத் தவித்த சரிவில் குழந்தைகள் உருண்டு விளையாடுகிறார்கள்.

நம் மகளிர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது தகாது என்று எண்ணிய காலத்தில், 1867-ல், அவ்வூர்ப் பெண்கள் பந்தை உருட்டி ஆடுவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். லிங்க்ஸின் ஒரு மூலையில், மிகவும் கரடுமுரடான துண்டு நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. திடீர் மேடுகளும் சரிவுகளும் நிறைந்த அவ்விடத்துக்கு வழங்கும் பெயர் ‘இமயமலை’! இன்றும் அச்சங்கம் நடக்கிறது. சில பவுன் கட்டணத்தில் எவரும், பாட்டியும் பேத்தியுமாகக்கூட, மட்டையும் பந்தும் வாங்கி அங்கே ஆடலாம். கரடுமுரடாயிருந்தது அவ்விடத்தின் சிறப்பாகிவிட்டது. பக்கத்து மாளிகையில் இருந்த ஆடவர் சங்கமோ, பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014-ல்தான் தீர்மானித்தது.

இவ்விளையாட்டு நம் நாட்டுக்கு வந்து நெடுங்காலமாயிற்று. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் சங்கம் 1829-ல் கல்கத்தாவில் தோன்றியதே. மட்டையும் பந்தும் விதிகளும் கப்பலேறி வந்தன. திறந்த நிலம் வரவில்லை. அண்மைக் காலத்தில் தில்லியில் லாடோ சராய்ப் பகுதியில், குதுப் மினார் தெரியும் தொலைவில், தில்லி வளர்ச்சி ஆணையம் நடத்தும் மைதானத்தில் உறுப்பினரல்லாதாரும் கட்டணம் செலுத்தி ஆடலாம் என்று ஏற்பட்டிருப்பது நல்ல தொடக்கம்.

ஆனால் நாம் இதை எழுதியது அன்பர்கள் எல்லாரும் மட்டை வாங்க வேண்டும் என்பதற்காக அன்று. பொது நிலம் நம்மவர்க்கும் புதிதன்று. ஊருக்கு ஊர் மந்தை இருந்தது, களம் இருந்தது, மேய்ச்சற் புறம்போக்கு இருந்தது. சென்னையில் மந்தைவெளி என்ற பகுதிக்கு இன்று பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. பிழைப்பை நாடி வெளியூர்களில் வந்து குடியேறிய நமக்கு, அடுக்கு வீட்டின் கீழே உள்ள அரை ஏக்கர் வெளிதான் மந்தை. பிள்ளைகள் ஓடுவதும், முதியோர் மாலையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதும், பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவதும் அங்கேதான். அதன் ஒரு மூலையில் முதலில் இரண்டு வண்டிகள் நிற்கும். பிறகு பத்து நிற்கும். பிறகு வேலி வரும். வேலி வந்தபின் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்போம். “நாம் வெளியூரார்; நமக்கென்ன” என்று எண்ணி விடுவதும் உண்டு.

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார் செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. உரிமையை எழுத்தில் வைத்தார்கள். நாள் தவறாமல் நிலத்தைப் பயன்படுத்தினார்கள். பறிபோனபோது ஒன்றுகூடிப் பணம் போட்டு வழக்காடினார்கள். நெரிசல் வந்தபோது முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஆடாதவருக்கென்று வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினார்கள். இவற்றுள் எதையும் நம் குடியிருப்புகளில் செய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை.

அடுத்த மாதம் உங்கள் குடியிருப்புச் சங்கம் கூடும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: கட்டடத்துக்கு அனுமதி பெற்ற வரைபடத்தில் நம் விளையாட்டு வெளி எந்த அளவில், எந்தப் பெயரில் குறிக்கப்பட்டிருக்கிறது? அந்த வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கிச் சங்க அலுவலகச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். அன்று மாலையே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவ்வெளிக்குப் போய் வாருங்கள். தரை மேடு பள்ளமாக இருந்தால் அதற்காக வருந்த வேண்டாம்.